சம்பளப் பதிவேட்டை முதல்ல மேசையில வை!



"சம வேலைக்குச் சம ஊதியம்." எந்த மேடையில சொன்னாலும் கைதட்டு விழும். இதை எதிர்த்துப் பேச எந்தக் கட்சிக்கும் துணிச்சல் கிடையாது. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவிலேயே இது இருக்கு. 1976லயே இதுக்குன்னு தனிச் சட்டமும் போட்டாச்சு.

அப்புறம் ஏன் நம்ம அக்கா, தங்கச்சிங்க பக்கத்து சீட்டு ஆண் பார்க்கிற அதே வேலையைக் குறைஞ்ச சம்பளத்துக்குப் பார்த்துக்கிட்டு இருக்காங்க? பல காரணம் இருக்கு. அதுல யாரும் அதிகம் பேசாத ஒண்ணைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஆனா முழுசா படிங்க.

அந்தக் காரணம் இதுதான்: ஏமாத்தினதுக்கான ஆதாரம் மொத்தமும் ஏமாத்தினவர் பீரோவுலதான் இருக்கு.

வயல்ல நடக்கிறதைப் பாருங்க. ஆண் கூலி இவ்வளவு, பெண் கூலி இவ்வளவுன்னு ஊருக்கே தெரியும். அநியாயம்தான், ஆனா அது வெளிச்சத்துல நடக்கிற அநியாயம். அதனாலதான் அதை எதிர்த்துச் சங்கம் கட்ட முடிஞ்சது, போராட முடிஞ்சது. 100 நாள் வேலை வந்தப்போ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலின்னு ஆனதும், பெண்கள் கூட்டம் கூட்டமா அந்த வேலைக்கு வந்ததும் நாம பார்த்ததுதானே.

இப்போ கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள வாங்க. ஆஃபர் லெட்டர்லயே ஒரு வரி இருக்கும்: "சம்பள விவரம் ரகசியமானது, யாரிடமும் பகிரக்கூடாது." அப்ரைசல் முடிஞ்சா ஒவ்வொருத்தரையும் தனித்தனியா ரூமுக்குள்ள கூப்பிட்டு ஹைக் எவ்வளவுன்னு சொல்வாங்க. வெளிய வந்தா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அஞ்சு வருஷம் ஒரே டீம்ல ஒண்ணா வேலை பார்த்த ரெண்டு பேருக்கு ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தருக்குத் தெரியாது. நோய் இருக்குன்னே தெரியாதவர் எந்த டாக்டரைப் போய்ப் பார்ப்பார்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்ல. உலகத்துலயே பேர் போன சம ஊதிய வழக்கு ஒண்ணு இந்த இடத்துலதான் முட்டி நின்னுச்சு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், காட்ஸ்டன் ஊர். குட்இயர் டயர் தொழிற்சாலை. லில்லி லெட்பெட்டர் என்ற பெண் 1979இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஏரியா மேனேஜரா இருந்தார். 1998இல் ஓய்வு பெறப்போற நேரத்துல, யாரோ ஒருத்தர் பேர் போடாம ஒரு துண்டுச் சீட்டை அவருக்கு வெச்சிட்டுப் போனார். அதுல அவரோட சம்பளமும், அதே பதவியில இருந்த ஆண்களோட சம்பளமும் இருந்துச்சு.

1997 கடைசியில அவர் மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே பதவியில 15 ஆண்கள். அவங்கள்ல ரொம்பக் குறைவா வாங்கினவருக்கே 4,286 டாலர். அதிகமா வாங்கினவருக்கு 5,236 டாலர். மாசத்துக்கு 559 டாலர்ல ஆரம்பிச்சு 1,509 டாலர் வரைக்கும் வித்தியாசம்!

வழக்குப் போட்டார். ஜூரி அவர் பக்கம் நின்னுச்சு. ஆனா 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளிருச்சு. காரணம் என்ன தெரியுமா? சம்பளத்தைக் குறைச்சு முடிவெடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள்ள புகார் கொடுத்திருக்கணுமாம்! ரகசியமா எடுத்த முடிவுக்கு 180 நாள் கெடு. துண்டுச் சீட்டு வந்து சேர்ந்ததோ கிட்டத்தட்ட 20 வருஷம் கழிச்சு.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பை நீதிமன்றத்திலேயே வாய்விட்டு வாசிச்சார். சம்பளத்தை நிறுவனம் ரகசியமா வெச்சிருக்கும்போது தொழிலாளிக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவர் வாதத்தின் மையம். 2009 ஜனவரியில அதிபர் ஒபாமா கையெழுத்துப் போட்ட முதல் சட்டம் லில்லி லெட்பெட்டர் பேர்லதான் வந்துச்சு. இனிமே பாகுபாடான ஒவ்வொரு சம்பளமும் புதுசா ஒரு கணக்கு, கெடு அப்போலிருந்து ஓடும்னு மாத்தினாங்க. ஆனா லெட்பெட்டர் அம்மாவுக்குக் குட்இயர்கிட்டயிருந்து ஒரு பைசா வரல. 2024 அக்டோபர்ல காலமானார்.

இதுல நாம எடுத்துக்க வேண்டிய பாடம் ஒண்ணு இருக்கு. யாரோ ஒரு நல்ல மனுஷன் துண்டுச் சீட்டு வைக்கலைன்னா அந்த வழக்கே பிறந்திருக்காது. ஒரு நாட்டின் சமத்துவச் சட்டம் துண்டுச் சீட்டை நம்பியா இருக்கணும்?

அதுக்குத்தான் "டிஸ்கவரி"ன்னு ஒரு நடைமுறை. பேர் பெருசா இருக்கேன்னு பயப்படாதீங்க, விஷயம் எளிமை. வழக்கு விசாரணை தொடங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தரப்பும் தங்ககிட்ட இருக்கிற ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் காட்டணும். "இந்தப் பதவியில எத்தனை பேர்? எப்போ சேர்ந்தாங்க? ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு உயர்வு? முடிவெடுத்தது யார்?"ன்னு எழுத்துல கேள்வி கேட்கலாம். பதில் சத்தியப் பிரமாணத்தோட வரணும். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள்ல இது 1938லிருந்து இருக்கு. 2011இல் இன்னும் ஒரு படி மேல போனாங்க. வேலையில பாகுபாடுன்னு வர்ற வழக்குகள் பலவற்றுக்குப் பரிசோதனை முறையா ஒரு நெறிமுறை கொண்டுவந்தாங்க. நிறுவனம் பதில் தாக்கல் செஞ்ச 30 நாளுக்குள்ள, யாரும் கேட்காமலேயே குறிப்பிட்ட ஆவணங்களை ரெண்டு தரப்பும் மாத்திக்கணும்.

சீட்டைப் பிரிச்சுக் காட்டிட்டு ஆட்டம் ஆடுறது மாதிரி. அப்போதான் அது நியாயமான ஆட்டம்.

சரி, கேட்டா கொடுத்துருவாங்களா? 2017இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை கூகுள்கிட்ட ஊழியர் சம்பளத் தரவைக் கேட்டுச்சு. கூகுள் தரப்பு என்ன சொன்னாங்க தெரியுமா? அதைத் திரட்ட 500 மணி நேர வேலையும் 1,00,000 டாலர் செலவும் ஆகுமாம்! உலகத்துல இருக்கிற எதையும் அரை நொடியில தேடித் தர்ற கம்பெனிக்குத் தன்னோட சம்பளப் பட்டியலைத் தேடுறது மட்டும் கஷ்டமாம். காய்ஞ்ச ஸ்பாஞ்ச் ஒரு சொட்டுத் தண்ணியை உறிஞ்சுற மாதிரி அந்தச் செலவைக் கூகுள் தாங்கிக்கும்னு அரசு வழக்கறிஞர் திருப்பிக் கொடுத்தார். கடைசியில நீதிபதி அரசு கேட்டதுல ஒரு பகுதியை மட்டும்தான் அனுமதிச்சார். ஆனா அதே 2017இல் கூகுளின் முன்னாள் பெண் ஊழியர்கள் தனியா ஒரு வழக்குப் போட்டாங்க. கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த சுமார் 15,500 பெண்களுக்காக 2022இல் 11.8 கோடி டாலர் கொடுத்து, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, கூகுள் அந்த வழக்கை முடிச்சுக்கிச்சு.

பிரிட்டனுக்கு வாங்க. 2017 ஜூலையில பி.பி.சி. தன் நட்சத்திரங்கள்ல 1,50,000 பவுண்டுக்கு மேல வாங்கறவங்க பட்டியலை வெளியிட வேண்டிய கட்டாயம் வந்துச்சு. பட்டியல்ல மூணுல ரெண்டு பங்கு ஆண்கள். அவ்வளவுதான், அணை உடைஞ்சது. சீனப் பிரிவு ஆசிரியர் கேரி கிரேசி தன்னை விட ஆண் ஆசிரியர்கள் எவ்வளவு கூடுதலா வாங்கறாங்கன்னு தெரிஞ்சு 2018 ஜனவரியில அந்தப் பதவியை விட்டு விலகினார். பி.பி.சி. மன்னிப்புக் கேட்டு பாக்கியைக் கொடுத்துச்சு. தொகுப்பாளர் சமீரா அகமது தீர்ப்பாயம் போனார். அவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டு. அதே மாதிரி நிகழ்ச்சி நடத்தின ஆணுக்கு 3,000 பவுண்டு. 2020 ஜனவரியில சமீரா ஜெயிச்சார். வித்தியாசத்துக்கு ஆண்-பெண் பாகுபாடு காரணம் இல்லைன்னு பி.பி.சி.யால நிரூபிக்க முடியல.

கவனிங்க. பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் 1970லிருந்து இருக்கு. ஆனா எண் வெளியே வந்த பிறகுதான் இந்தக் கதவெல்லாம் திறந்துச்சு.

"இதெல்லாம் வெளிநாடு, நம்ம ஊருக்கு என்ன?"ன்னு கேட்பீங்க. வாங்க, நம்ம நாட்டுக்கே வர்றேன்.

மும்பையில மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனி. அங்கே ஸ்டெனோகிராஃபரா இருந்தவர் ஆட்ரி டி கோஸ்டா. ஆண் ஸ்டெனோவுக்கு ஒரு சம்பளம், பெண் ஸ்டெனோவுக்குக் குறைஞ்ச சம்பளம். 1976 சட்டத்தின் கீழ வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1987 மார்ச்சில் ஜெயிச்சார். "பெண் ஸ்டெனோக்கள் தனி வகை"ன்னு கம்பெனி சொன்னது எடுபடல. "கொடுக்கப் பணம் இல்ல"ன்னு சொன்னதும் எடுபடல. இந்தியாவில் சம ஊதியம்னாலே இன்னைக்கும் முதல்ல சொல்ற தீர்ப்பு இதுதான்.

அவர் ஜெயிக்க முடிஞ்சதுக்கு ஒரு முக்கியக் காரணம்: சம்பள விகிதம் தொழிற்சங்க ஒப்பந்தத்துல எழுத்துல இருந்துச்சு. ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்ட முடிஞ்சது. இன்னைக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண்ணோ, தனியார் பள்ளி டீச்சரோ, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸோ எந்த ஒப்பந்தத்தைக் காட்டுவாங்க?

அரசு வேலையோட ஒப்பிட்டுப் பாருங்க. அரசுப் பள்ளியில ஒரே பதவி, ஒரே தகுதி, ஒரே சர்வீஸ் இருக்கிற ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒண்ணுதான். ஊதியக் குழு போட்ட விகிதம் அரசாணையில அச்சாகி இருக்கு. யார் வேணும்னாலும் பார்க்கலாம். அதனால யாருக்கும் யார் மேலயும் பொறாமை பொங்கி அலுவலகம் பத்தி எரியல. சம்பளம் வெளிய தெரிஞ்சா நிர்வாகமே நடத்த முடியாதுன்னு சொல்றவங்களுக்குத் தினமும் இயங்கிக்கிட்டு இருக்கிற நம்ம அரசு அலுவலகங்களே பதில்.

இப்போ சட்ட நிலைமைக்கு வருவோம். 1976 சட்டம் இப்போ இல்ல. ஒன்றிய அரசு அதையும் இன்னும் மூணு சட்டங்களையும் சேர்த்து 2019இல் ஊதியச் சட்டத் தொகுப்பு கொண்டுவந்துச்சு. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில. தொழிலாளர் தொகுப்புகள் மேல நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கு, அதைத் தனியாப் பேசுவோம். இதுல சம ஊதியம் பத்தி இருக்கிறதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க:

ஒண்ணு. ஒரே வேலைக்கோ, ஒரே மாதிரியான வேலைக்கோ பாலினம் பார்த்துச் சம்பளத்துல பாகுபாடு காட்டக்கூடாது. இது 3ஆவது பிரிவு. மேனேஜர், டெக்னிக்கல் ஊழியர் எல்லாருமே "ஊழியர்" என்ற வரையறைக்குள்ள வர்றாங்க. அதாவது ஐ.டி. தோழர்களே, இது உங்களுக்கும்தான்.

ரெண்டு. 45ஆவது பிரிவின்படி, குறைவாகக் கொடுத்த சம்பளத்துக்கு அதிகாரியிடம் மனு போடலாம். கெடு 3 வருஷம். உங்க பேர்ல நீங்க உறுப்பினரா இருக்கிற தொழிற்சங்கமும் போடலாம். நிர்ணயிச்ச தொகைக்கு மேல அதுல 10 மடங்கு வரைக்கும் இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் சிவில் நீதிமன்ற அதிகாரமும் இருக்கு.

மூணு. 50ஆவது பிரிவு. இதைச் சத்தமா வாசிங்க. வகைவாரியான சம்பள விகிதத்தை ஒவ்வொரு நிறுவனமும் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். ஓ.எம்.ஆர்.ல, கோவை டைடல் பார்க்ல, ஒரகடத்துல வேலை பார்க்கிற தோழர்களே, உங்க ஆஃபீஸ் நோட்டீஸ் போர்டுல அதைப் பார்த்தீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க.

அப்போ ஓட்டை எங்கே? ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு. ஆனா மனு போட்ட பெண்ணுக்கு அதை முன்கூட்டியே பார்க்கும் உரிமைன்னு தனியா எதுவும் எழுதி வைக்கல. யாரோட ஒப்பிடணும்னு தெரிஞ்சாத்தான் மனுவே எழுத முடியும். சம்பளம் தெரிஞ்சாத்தான் யாரோட ஒப்பிடணும்னு தெரியும். பூட்டுக்குள்ள சாவியை வெச்சுப் பூட்டின கதை இது.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இங்கே கை கொடுக்காது. அது அரசு அமைப்புகளுக்குத்தான். தனியார் கம்பெனி ஹெச்.ஆர்.க்கு 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்ப முடியாது.

எதிர்வாதங்களையும் பார்ப்போம். நாம பயந்து ஓடுற கூட்டம் இல்லையே.

"மத்தவங்க தனியுரிமை என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. பேரை மறைச்சிட்டு பதவி, பாலினம், அனுபவம், தகுதி, சம்பளம் மட்டும் கொடுங்க. வழக்கு சம்பந்தப்பட்டவங்க மட்டும் பார்க்கணும், வெளிய விட்டா தண்டனைன்னு வைங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை இதைத்தான் சொல்லுது. ரகசியத் தகவலா இருந்தாலும் வழக்குக்குத் தேவைன்னா தகுந்த பாதுகாப்போட வெளியிடச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கணும். வழக்கே இல்லாட்டியும், தன்னைப் போல வேலை செய்யறவங்க சராசரிச் சம்பளம் ஆண்-பெண் வாரியா எவ்வளவுன்னு கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இருக்கணும். உறுப்பு நாடுகள் சட்டமாக்க 2026 ஜூன் 7 வரை கெடு.

"கம்பெனிக்குச் சுமை." எஞ்சினியரா சொல்றேன், இதை நம்பாதீங்க. ஒவ்வொரு மாசமும் பி.எஃப். கணக்குக்காக ஒவ்வொரு ஊழியரோட சம்பளத்தையும் ஈ.சி.ஆர். ஃபைலா அரசு போர்ட்டல்ல அப்லோட் பண்றாங்க. வருமான வரிக்காக மூணு மாசத்துக்கு ஒருமுறை டி.டி.எஸ். கணக்குக் கொடுக்கறாங்க. சம்பளமே சாஃப்ட்வேர்லதான் ஓடுது. ஒரு ஃபில்டர், ஒரு எக்ஸ்போர்ட். டீ ஆறறதுக்குள்ள முடியற வேலை.

"பொய் வழக்கு குவியும்." உண்மைய சொன்னா, ஆவணம் முன்னாடியே வந்தா பொய் வழக்குதான் முதல்ல சாகும். சம்பளம் சமமா இருக்கிற கம்பெனி பதிவேட்டைக் காட்டினா மறுநாளே விஷயம் முடிஞ்சிருச்சு. நேர்மையா நடத்துற முதலாளிக்கும் இது பாதுகாப்புதான்.

தொகுப்புக்கு மாநில அளவில் விதி எழுதும் அதிகாரம் மாநிலத்துக்கு இருக்கு. பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு "உரிய அரசு" மாநில அரசுதான். அதனால இந்தக் கோரிக்கைகளை நாம ஒவ்வொரு தளத்திலும் எழுப்பணும்:

1. சம ஊதிய மனு வந்த 30 நாளுக்குள்ள, அதே வகை வேலை செய்யற எல்லாரோட சம்பள விவரத்தையும் பேர் மறைச்சு நிறுவனம் தாக்கல் செய்யணும். நகல் மனுதாரருக்கும் போகணும்.

2. கொடுக்கலைன்னா, பாகுபாடு இருந்ததாகவே அதிகாரி எடுத்துக்கணும். இது ஒண்ணும் புதுசு இல்ல. கையில இருக்கிற ஆவணத்தைக் காட்டாதவருக்கு எதிரா அனுமானிக்கலாம்னு 1872 சாட்சியச் சட்டத்தின் 114ஆவது பிரிவிலேயே இருந்துச்சு. அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துலயும் தொடருது.

3. மனு முடியும் வரைக்கும் எந்தப் பதிவேட்டையும், மெயிலையும் அழிக்கக்கூடாது.

4. "சம்பளத்தை வெளிய சொல்லாதே" என்ற ஒப்பந்த வரி, பாகுபாட்டைக் கண்டுபிடிக்கப் பேசறவங்க மேல செல்லாது. பிரிட்டனில் 2010லிருந்தே இது சட்டம்.

5. நோட்டீஸ் போர்டு விதியை ஆய்வாளர்கள் நேர்ல போய்ப் பார்த்து நடைமுறைப்படுத்தணும். ஆண்-பெண் எண்ணிக்கையையும் அதுல சேர்க்கணும். பழைய சட்டத்தின் டி படிவப் பதிவேட்டிலேயே அந்த விவரம் இருந்துச்சு.

விதி வர்ற வரைக்கும் நீங்க என்ன செய்யலாம்? ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், அப்ரைசல் லெட்டர் மூணையும் பத்திரமா வைங்க. என்ன வேலை பார்த்தீங்க, யார் யார் அதே வேலை பார்த்தாங்கன்னு தேதியோட எழுதி வைங்க. கம்பெனியோட ரகசிய ஃபைலைக் காப்பி பண்ணாதீங்க, அதையே சாக்கா வெச்சு உங்களை வெளிய அனுப்புவாங்க. 50ஆவது பிரிவு நோட்டீஸ் எங்கேன்னு மெயில்ல கேளுங்க. பதில் வராட்டி அதுவும் ஒரு ஆவணம்தான். முக்கியமா, தனியா நிக்காதீங்க. சங்கத்துல சேருங்க.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க சம்பளத்தை உங்க டீம்ல இருக்கிற பெண்ணுக்குச் சொல்றது உங்களுக்கு ஒரு நிமிஷம். அவருக்கு அது ஒரு வழக்கோட முதல் ஆதாரம். காட்ஸ்டன்ல துண்டுச் சீட்டு வெச்ச அந்த முகம் தெரியாத ஆள் செஞ்சது அவ்வளவுதான்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமைன்னு தீர்மானம் போட்டப்போ சிரிச்சவங்க உண்டு. 1989இல் அது தமிழ்நாட்டில் சட்டம் ஆச்சு. நடுவுல 60 வருஷம். சொத்துல பங்கு இருக்குன்னு சொன்னா மட்டும் போதாது, பத்திரத்தைக் காட்டணும். சம்பளத்துக்கும் அதே கணக்குதான். இந்த முறை 60 வருஷம் காத்திருக்க நாம தயாரா இல்ல.

சமம்னு சொல்றியா? பதிவேட்டைக் காட்டு!

படிச்ச தோழர்கள் உங்க ஆஃபீஸ் குரூப்ல, காலேஜ் குரூப்ல பகிருங்க.

#பதிவேட்டைக்காட்டு #சமவேலைக்குச்சமஊதியம்